ஆட்டுக்கிடை

அறுவடை முடிந்த நிலத்தில் செம்மறி மந்தையை இரவு முழுதும் அடைத்து, சாணமும் மூத்திரமும் எருவாகச் சேரவிடும் முறை. தமிழகமெங்கும் இது உண்டு. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வயல்களிலும் புன்செய்களிலும் சிவப்பு நிறச் 'சென்னைச் சிவப்பு' ஆடுகள் மேயும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளோ (மந்தைத் தலைவர்கள்) சம்பா அறுவடைக்குப் பின் மந்தையோடு காவிரிப் படுகைக்குப் போய், மழைக்காலத்துக்கு முன் மேட்டுநிலம் திரும்புகிறார்கள்.

கிடைக்குக் கூலி பணமாகவோ நெல்லாகவோ வரும். படலோ வலையோ கட்டி அடைத்து, இடத்தை மாற்றிக்கொண்டே போனால் வயல் முழுக்க எரு விழும். பால்குடிக் குட்டிகள் மூங்கில் கூட்டுக்குள் இருக்கும். எந்த வயல், எத்தனை இரவு, என்ன கூலி என்று ஊராரோடு பேசுபவர் கீதாரி. பயிரில் ஆடு வாய்வைத்தால் முதலில் பேச்சும் ஈடும்தான். 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் தந்த பவுண்டு (அத்துமீறிய கால்நடைகளை அடைக்கும் பட்டி), பேச்சு முறிந்த பிறகே. உரத்தின் தேவை இருதரப்பையும் கட்டிவைத்திருப்பதால், சட்டத்தைவிட இதுவே வலுவான சமாதானம் எனலாம்.

வறட்சியில் நடையே கீதாரிகளின் காப்பு. வெள்ளத்தில் அது போதாது: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நேரத்தில் மந்தை ஏற மேடு வேண்டும். மேய்க்கால் புறம்போக்குகளோ ஆக்கிரமிப்பில் சுருங்கிவருகின்றன. இந்த நிலையில்தான் ஐ.நா. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்துள்ளது.