இரண்டாம் டிவிஷனில் தொடங்கிய வரலாறு: கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும் நமது மைதானங்களும்

பல்லேகல சர்வதேச கிரிக்கெட் மைதானம் 2009 நவம்பரில் திறக்கப்பட்டது. மறு வருடம் டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளோடு அங்கே முதலாவது டெஸ்ட் நடந்தது. பகலிரவு மெச் உள்ள நாட்களில் அதன் விளக்கு வெளிச்சம் தும்பறைப் பக்கத்தில் தூரத்து மேடுகளிலிருந்தும் தெரியும். அந்த வெளிச்சம் எட்டாத கிரவுண்டுகளும் இதே சுற்றுவட்டத்தில் இருக்கின்றன. திகன, மடவளை, உடதலவின்னை, அக்குறணை என்று ஊருக்கொரு மேடு பள்ளமான வெளி. அஸர் தொழுதுவிட்டு வரும் பொடியன்கள் மஃரிப் பாங்கு கேட்கும்வரை அங்கே பந்தடிப்பார்கள்.

கீழ் டிவிஷன் லீக் தொடங்கிவிட்டால் இந்தப் பொடியன்களின் பாடு தனி. ஜேர்சிக்குக் கடை கடையாக ஏறிக் காசு சேர்க்க வேண்டும். வேன் பிடிக்க வேண்டும். கோல் காப்பவனுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் சேதி வரும். தோற்றால் ஊர் சிரிக்கும். வென்றால் பத்திரிகையில் இரண்டு வரி வந்தாலே பெரிய காரியம். "இந்தக் கடைசி டிவிஷன் பந்தடியால என்னதான் கிடைக்கப் போகுது, சேர்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. பிள்ளை ஓ.எல். எழுதும் வருடமென்றால் கேள்வி இன்னும் சூடாக வரும்.

அந்தக் கேள்விக்கு ஒரு கழகத்தின் வரலாற்றைப் பதிலாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். அது நடந்தது கல்கத்தாவில், ஏறத்தாழத் தொண்ணூறு வருடங்களுக்கு முன்பு. முஹம்மதன் ஸ்போர்ட்டிங் என்ற பெயரை நம் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அது வென்ற கிண்ணங்களைப் பற்றிய பேச்சும் உண்டு. ஆனால் அந்தக் கழகம் இரண்டாம் டிவிஷனில் கிடந்த காலத்தை யாரும் பேசுவதில்லை. நமக்குப் பாடம் இருப்பது அங்கேதான்.

ஒரே காலத்துப் பிள்ளைகள்

பிரித்தானியர் ஆட்சியில் தாம் கல்வியிலும் உத்தியோகத்திலும் பின்தங்கிவிட்டோம் என்ற கவலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல நாட்டு முஸ்லிம்களையும் பிடித்தது. கல்கத்தாவில் நவாப் அப்துல் லத்தீப் 1863இல் முஹம்மதன் இலக்கியச் சங்கத்தை அமைத்தார். நமது கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். அவரும் ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்று உழைத்ததில் 1892இல் மருதானை ஸாஹிறா உருவாயிற்று. அதற்கு முந்திய வருடம், 1891இல், கல்கத்தாவில் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் நிறுவப்பட்டது.

பத்திரிகை, பாடசாலை, கழகம் மூன்றும் ஒரே விழிப்பின் பிள்ளைகள். விளையாட்டுக் கழகத்தை அந்த வரிசையில் வைக்க நாம் தயங்குகிறோம். அந்தக் காலத்தார் தயங்கவில்லை. கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகம் 1872இலேயே தோன்றிவிட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆள்பவனின் ஆட்டத்தை அவனுடைய சட்டத்தின்படியே ஆடி அவனுக்குச் சமமாக நிற்பதும் ஒரு கல்விதான் என்று அவர்கள் கண்டார்கள்.

மூடிய கதவு

கல்கத்தா உதைபந்தாட்ட லீக் 1898இல் ஆரம்பமானது. ஐரோப்பியர்களின் சிவில் கழகங்களும் பட்டாள அணிகளுமே அதில் ராஜாக்கள். 1911இல் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்‌ஷயர் ரெஜிமென்டை 2–1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்தச் செய்தி இந்தியா முழுவதையும் சிலிர்க்க வைத்தது. ஆனாலும் லீக் வேறு விடயம். கேடயத்தைச் சில நல்ல நாட்களில் வென்றுவிடலாம். லீக்கை வெல்ல ஒரு பருவம் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதோடு, முதலாம் டிவிஷனில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்றொரு விதியும் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் கழகம் போராடியதில்தான் 1925 அளவில் அந்தக் கதவு திறந்தது.

1933 வரைக்கும் லீக் சம்பியன் பட்டம் ஒரு தடவைகூட இந்திய அணியிடம் போகவில்லை. 1931, 1932, 1933 என்று தொடர்ந்து மூன்று வருடம் டர்ஹம் லைட் இன்பன்ட்ரி பட்டாள அணியே அதை வைத்திருந்தது. முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அப்போது இரண்டாம் டிவிஷனில் சாதாரண அணிகளுள் ஒன்று. நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச் பிகார் கிண்ணத்தைச் சில முறை வென்றிருந்தது. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கழகம் பிறந்து நாற்பது வருடங்கள் ஆகிவிட்டிருந்தன.

சப்பாத்தின் கதை

1930களின் தொடக்கத்தில் கழகத்தின் செயலாளர் பொறுப்பு சி. ஏ. அஸீஸ் என்பவரின் கைக்கு வந்தது. அவர் செய்தவை கேட்பதற்கு மிகச் சாதாரணமானவை.

கல்கத்தாவில் உதைபந்தாட்டப் பருவம் மே மாதமளவில் தொடங்கி மழைக்காலத்துக்குள் போகும். வங்காளத்து ஆட்டக்காரர்கள் வெறுங்காலோடு ஆடியவர்கள். காய்ந்த தரையில் அவர்களைப் பிடிக்க முடியாது. பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். மழை பெய்து கிரவுண்ட் சேறாகிவிட்டால் கதை மாறும். ஆணி பதித்த சப்பாத்துப் போட்ட பட்டாளத்தான் ஊன்றி நிற்பான், வெறுங்காலன் வழுக்கி விழுவான். பருவத்தின் முற்பாதியில் பெற்ற புள்ளிகளைப் பிற்பாதியில் இழப்பது இந்திய அணிகளுக்கு வழமையாகவே போயிற்று.

இதைத் தலைவிதி என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். அஸீஸ் அதைப் பயிற்சிக் குறை என்று பார்த்தார். ஈரத் தரையில் சப்பாத்துடன் ஆடத் தம் ஆட்களைப் பழக்கினார். வெறுங்காலில் வளர்ந்தவனுக்குச் சப்பாத்து லேசில் வசப்படாது. பந்தின் உணர்வே மாறிவிடும், ஓட்டம் கனக்கும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது என்று பயானில் கேட்கிறோமே, அதற்கு மைதானத்து உதாரணம் தேடினால் இந்தச் சப்பாத்தைக் காட்டலாம்.

இரண்டாவதாக, திறமை எங்கிருந்தாலும் தேடிப் போனார்கள். பெங்களூரிலிருந்தும் வடமேற்கு எல்லைப் பக்கத்திலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஜும்மா கான், ஹாபிஸ் ரஷீத், கோல் காப்பாளர் உஸ்மான் ஜான் போன்ற பெயர்கள் பின்னர் வீட்டுக்கு வீடு பழகிப்போயின. பேசும் மொழி வேறு, சாப்பாடு வேறு. அவர்களை ஓர் அணியாக ஆக்கியது கூட்டுப் பயிற்சி. ஊர்க்காரன், சொந்தக்காரன் என்று ஜேர்சி கொடுக்கும் நம் வழக்கத்தை இந்த இடத்தில் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1933 பருவத்தின் முடிவில் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் முதலாம் டிவிஷனுக்கு ஏறும் தகுதியைப் பெற்றது. இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களைப் பார்க்கப் பெரிய கூட்டம் வராது. பெரிய இடத்துப் பார்வையும் படாது. பிழை விட்டுத் திருந்துவதற்கு அதைவிட வசதியான இடமும் கிடையாது. பின்னால் வந்த அத்தனை கிண்ணங்களின் வேரும் அந்தக் கவனிப்பாரற்ற பருவத்தில்தான் இறங்கியிருந்தது.

ஐந்து வருடங்கள்

மேலேறிய முதல் வருடமே, 1934இல், கழகம் லீக் சம்பியன் ஆனது. 1898 தொட்டு எந்த இந்திய அணிக்கும் வாய்க்காத பட்டம் அது. 1935, 1936, 1937, 1938 என்று அடுத்த நான்கு வருடங்களும் பட்டம் அதனிடமே இருந்தது. 1936இல் ஐ.எப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. மோகன் பகானுக்குப் பிறகு அதை வென்ற இந்தியக் கழகம் இதுவே. கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாம் இந்தக் கழகத்தை வாழ்த்திக் கவிதை எழுதினார்.

அதே 1936இல் முஹம்மதன் ஆட்டக்காரர் முஹம்மத் ஸலீம் ஸ்கொட்லாந்துக்குப் போய், கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தின் இரண்டாம் நிலை அணிக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். சப்பாத்தால் பேர் பெற்ற கழகத்துக்காரர் அங்கே காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடியது வேடிக்கையான முரண். தங்கச் சொல்லியும் ஊர் நினைவு தாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

1940 இவர்களின் உச்சம். அந்த வருடம் லீக்கை மீண்டும் வென்றார்கள். ரோவர்ஸ் கிண்ண இறுதியில் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியை 1–0 என்று வென்றார்கள். டிசம்பர் 12ஆம் திகதி டில்லியில் ரோயல் வொரிக்‌ஷயர் ரெஜிமென்டை 2–1 என்று வீழ்த்தி டியூரண்ட் கிண்ணத்தையும் எடுத்தார்கள். 1888இல் தொடங்கிய அந்தக் கிண்ணத்தை ஓர் இந்தியக் கழகம் தொட்டது அதுவே முதல் முறை.

பெயரின் பாரம்

இதோடு நிறுத்தினால் பெருமைக் கட்டுரையாக முடியும். வரலாறு இதோடு நிற்கவில்லை.

1934இன் வெற்றியை வெள்ளையரின் லீக்கை உடைத்த இந்தியரின் வெற்றியாகக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். ஆனால் வங்காளத்து அரசியல் அந்த வருடங்களில் சமூகவாரியாகப் பிரிந்துகொண்டிருந்தது. கழகத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு சமூகத்தின் வெற்றி தோல்வியாக எண்ணப்படத் தொடங்கின. பதினொரு பேரின் ஆட்டத்தின் மேல் இலட்சக்கணக்கானோரின் மானம் ஏற்றி வைக்கப்பட்டது. பார்வையாளர் பக்கத்தில் கசப்பு வளர்ந்தது.

ஆனால் கிரவுண்டுக்குள்ளும் நிர்வாகத்திலும் கோடுகள் அப்படியே பிரிந்துவிடவில்லை. 1939இல் ஐ.எப்.ஏ.யோடு தகராறு வந்தபோது முஹம்மதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால், காளிகாட் கழகங்கள் ஒரே பக்கமாக நின்று லீக்கை விட்டு விலகின. நியாயம் கேட்கும்போது சமூகத்தின் பெயர் குறுக்கே நிற்கவில்லை.

1946 ஓகஸ்டில் கல்கத்தா எரிந்தது. அந்த வருடம் கேடயப் போட்டி நடக்கவில்லை. 1947இல் லீக்கும் நடக்கவில்லை. பிரிவினையோடு ஆதரவாளர்களும் ஆட்டக்காரர்களும் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனார்கள். கழகம் இருந்த இடத்திலேயே இருந்தது. 1948இல் மறுபடியும் லீக்கை வென்றது. போனவர்களைப் பற்றியும் நின்றவர்களைப் பற்றியும் எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. அந்த வருடத்து அணி மைதானத்தில் இறங்கிய துணிவு அவற்றில் ஒரு வரியாவது பெற வேண்டியது.

பிறகு ஏற்ற இறக்கங்கள். 2014இல் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2020இல் தகுதிச் சுற்றை வென்று மீண்டும் ஏறியது. 2021இல் நாற்பது வருடங்களுக்குப் பின் கல்கத்தா லீக்கை வென்றது. 2024இல் ஐ-லீக் சம்பியனாகி இந்தியன் சுப்பர் லீக்குக்குப் போனது. இன்று அதன் ஜேர்சியை எல்லா மதத்தவரும் போடுகிறார்கள். பெயர் மாறவில்லை, கதவு அகலமாகிவிட்டது.

நமது கிரவுண்டுக்கு

இப்போது திகனப் பக்கத்துக்கு வருவோம். 2018 மார்ச்சில் இங்கே நடந்ததை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, நாடு அவசரகாலச் சட்டத்துக்குள் போனது. அதற்குப் பிறகு சில காலம் பெற்றோர் பிள்ளைகளைக் கிரவுண்டுக்கு விடவே பயந்தார்கள். பயம் தெளிந்து முதலில் திறந்த இடங்களில் கிரவுண்டும் ஒன்று. எதிர் அணியில் சிங்களப் பிள்ளைகள் நின்றார்கள், நம் அணியிலும் சிலர் நின்றார்கள். ஊர்க் கூட்டங்களில் பேசிப் பேசியும் வராத சகஜம் தொண்ணூறு நிமிடத்தில் கொஞ்சம் வந்தது.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் நமக்கு இரண்டு கணக்குகளை விட்டுப் போயிருக்கிறது. ஒன்று வரவு: எழுச்சி மட்டும் அவர்களை மேலே தூக்கவில்லை. அந்த எழுச்சி நாற்பது வருடங்களாகக் கழகத்தில் இருந்ததுதான். ஒழுங்கான நிர்வாகமும் மழைக்கேற்ற சப்பாத்தும் சேர்ந்த பிறகே அது பலித்தது. நிர்வாகம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நமது நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தி வைத்திருந்தது. மற்றது செலவு: ஒரு கழகத்தின் தலையில் சமூகத்தின் மானத்தைத் தூக்கி வைத்தால், அதன் தோல்வி தோல்வியாக முடியாமல் பகையாக முடியும்.

கண்டி மாவட்டத்துக் கழகங்களுக்கு உயரம் எட்டாதது என்று சொல்லவும் முடியாது. நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் 2021இல் இலங்கை சுப்பர் லீக்கின் பத்து அணிகளில் ஒன்றாக ஆடியது. அதைப் போலப் பிற ஊர்களும் ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

நம் ஊர்க் கழகங்களின் பழைய கூட்ட அறிக்கைப் புத்தகங்கள், ஆட்டப் படங்கள், போகம்பறையில் ஆடிய நாட்களின் பத்திரிகை வெட்டுத்துண்டுகள் பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. மௌத்தான மூத்தவர்களின் சாமான்களோடு அவை குப்பைக்குப் போவதற்கு முன் யாராவது எடுத்து ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும். அக்குறணையோ மடவளையோ கம்பளையோ, ஊருக்கு ஓர் ஆசிரியர் முன்வந்தால் போதும்.

"என்ன கிடைக்கப் போகுது, சேர்?" என்று அடுத்த முறை கேட்கும் தகப்பனிடம் 1933ஆம் வருடத்தைச் சொல்வேன். பிள்ளை ஓ.எல்.ஐயும் எழுதட்டும், ஞாயிற்றுக்கிழமை மெச்சுக்கும் போகட்டும். மழைக்காலம் வருகிறது, நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள்.