புரொபிங்க்விட்டி: தருமபுரிக்கு வந்த சொல்

லத்தீனில் 'புரொபே' என்றால் கிட்ட. அதன் வழியில் பிறந்தது 'புரொபிங்க்விட்டி'. பக்கத்து நிலத்தையும் ரத்த சொந்தத்தையும் ரோமானியர்கள் இந்தச் சொற்குடும்பத்தாலேயே குறித்தார்கள். பாலத்தைக் கட்டிவிட்டு 'அப்ரோச் ரோடு' போடாமல் விட்டார்கள் என்கிறோமே, அந்த 'அப்ரோச்'சும் அதே வேரில் முளைத்ததுதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் உறவு நெருக்கம்; இட நெருக்கம் பிறகு சேர்ந்தது.

இந்தியாவில் அது சட்டத்தோடு வந்து இறங்கியது. சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் கல்யாணியில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரை 'மிதாட்சரம்'. பிள்ளையோ மனைவியோ இல்லாமல் செத்தவன் சொத்து யாருக்கு என்ற கேள்விக்கு, ரத்தத்தில் கிட்ட இருப்பவருக்கு என்பது அவர் விடை. அந்தக் கிட்டத்துக்கு அவர் ஆண்ட வடசொல் 'பிரத்யாசத்தி'. 1810இல் கல்கத்தாவில் அந்த உரையின் சொத்துரிமைப் பகுதியை ஆங்கிலமாக்கிய கோல்புரூக், அந்த இடத்தில் 'புரொபிங்க்விட்டி'யை உட்காரவைத்தார். வடமொழி தெரியாத வெள்ளைக்கார நீதிபதிகளுக்கு அந்தப் புத்தகமே வழிகாட்டி.

தருமபுரி அப்போது கும்பெனி மண். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு, தருமபுரி அடங்கிய பாராமகாலை விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே வரிவசூல் வேலை பார்த்தார். பட்டா உழவர் பெயரில் என்ற ரயத்துவாரி முறைக்கு விதை விழுந்தது இங்கேதான். ஒருவர் பெயரில் நிலம் என்றானபின், அவருக்கு அடுத்து யார் என்ற வழக்கும் வரத்தானே செய்யும்?

அந்த வழக்கில் எதிரே நிற்பவர் பெரும்பாலும் பங்காளி. தாத்தா நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் என்பதால் உறவிலும் கிட்ட, வரப்பிலும் கிட்ட. பத்திரத்தில் செக்குபந்தி எழுதும்போது நாலு எல்லையில் ஓர் எல்லை அவர் நிலமாக இருக்கும். லத்தீன் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டன.

ஆனால் 'கிட்ட' என்பதை அளந்த கோல் நேராக இல்லை. தாய்தான் தகப்பனைவிட நெருக்கம், ஆகவே அவளுக்கே முதலில் என்று விஞ்ஞானேசுவரர் துணிந்து எழுதியிருந்தார். அதே மிதாட்சரத்தை வைத்து நடந்த சென்னை மாகாண நீதிமன்றங்களிலோ, கூடப்பிறந்த அக்காள் தங்கை பதினாலு தலைமுறைப் பங்காளிகளுக்கும் பின்னால் நின்றார்கள். 1929ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களைச் சித்தப்பா, பெரியப்பாவுக்கு முன்னால் கொண்டுவந்தது.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் தாயையும் மனைவியையும் மகனோடு முதல் வகுப்பில் சேர்த்தது. தகப்பன் இன்றும் இரண்டாம் வகுப்புதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தர, தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் செல்லும்படி சட்டத்தைத் திருத்தியது. அதற்குமுன் மணமான பெண்கள் மட்டும் விடுபட்டார்கள். 2005இன் மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த அன்று தகப்பன் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

ரத்த நெருக்கத்தைக் கொள்கையாகச் சொன்ன சட்டம், பெற்ற மகளைக் கிட்ட சேர்க்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டது. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு எழுதும்போது, 'கட்டிக்கொடுத்த பிள்ளைதானே' என்று மகள் பெயரையோ, 'வயசானவங்க' என்று இறந்தவரின் தாய் பெயரையோ விட்டுவிடாதீர்கள். சட்டப்படி இருவருமே முதல் வகுப்பு வாரிசுகள்.