கார்பேத்தியா மேல்தளத்தில் எடுத்த படங்கள்

பெரியகுளம் பக்கத்து ஜெயமங்கலத்து வயல்வெளியில் நின்று வடக்கே பார்த்தால் கொடைக்கானல் மலை. மோட்டார் சாலை வருவதற்கு முன், அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாட்டுவண்டியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து, குதிரையிலோ டோலியிலோ மலையேறுவார்கள். அந்த மலையில் இருந்த பள்ளியில் படித்தவள்தான் ரூத் பெக்கர். 1899-ல் குண்டூரில் பிறந்த மிஷனரி வீட்டுப் பெண்.

தம்பி ரிச்சர்டுக்கு உடம்பு சரியில்லை. வைத்தியத்துக்காகத் தாய் நெல்லி மூன்று பிள்ளைகளுடன் அமெரிக்கா புறப்பட்டார். இங்கிலாந்தில் அவர்கள் ஏறிய கப்பல் டைட்டானிக். 1912 ஏப்ரல் 15 நள்ளிரவுக்கு மேல், கப்பல் மூழ்கிக்கொண்டிருக்க, தாயும் சின்னப் பிள்ளைகள் இருவரும் ஒரு படகில். பன்னிரண்டு வயது ரூத் தனியாக 13-ம் எண் படகில். விடியும் வேளையில் கார்பேத்தியா என்ற கப்பல் வந்து, உயிர் பிழைத்த எழுநூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டது. தாயும் மகளும் அந்தக் கப்பலில்தான் மறுபடி ஒருவரையொருவர் கண்டார்கள்.

அந்தக் காலையைப் படமெடுத்தவர்களில் பெர்னிஸ் பால்மர் என்ற பதினேழு வயதுக் கனடாப் பெண்ணும் ஒருத்தி. கையில் கோடாக் பிரவுனி பெட்டிக் கேமரா. பனிப்பாறையை எடுத்தாள்; மேல்தளத்தில் இரவல் உடையில் நின்றவர்களை எடுத்தாள். நியூயார்க்கில் இறங்கியதும் ஒரு படநிறுவனத்தார் பத்து டாலர் கொடுத்துப் பிரசுர உரிமையை வாங்கிக்கொண்டார்கள். படங்களின் மதிப்பு அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் படச்சுருளைக் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்பதும் பேச்சு. இன்று எனக்குப் பெரிதாகப் படுவது பத்து டாலர் அல்ல, அந்தப் பேச்சுதான். அதனால்தான் 1986-ல் அந்தக் கேமராவும் படங்களும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. கார்பேத்தியா பயணிகள் எடுத்த வேறு சில படங்கள் நஷ்டஈட்டு வழக்கில் சான்றாகத் தாக்கலாகி, அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் கோர்ட்டுக் கட்டோடு பிழைத்துக் கிடக்கின்றன.

பழம்படம் சேகரிப்பவர் முதலில் தேடுவது நெகட்டிவை. அது இல்லையென்றால் அதிலிருந்து நேரே போட்ட பிரதியை. பத்திரிகையில் வந்ததைத் திரும்பப் படமெடுத்தால் முகமெல்லாம் புள்ளியாகிவிடும். பின்பக்கம் பெயரும் தேதியும் இருந்தால் படத்துக்கு நாக்கு முளைத்த மாதிரி.

ரூத் 1990-ல், தொண்ணூறு வயதில் காலமானார். அவர் அஸ்தியை டைட்டானிக் மூழ்கிய இடத்தில் தூவினார்கள்.

பெரியகுளம் பக்கத்து வீடுகளில் மலைப்பாதைக் காலத்துப் படங்கள் பெட்டியடியில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, படத்தில் யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.