ஹந்தானை மலையும் யுத்தப் புனைவின் பெண்களும்

ஹந்தானை என்றதும் சிங்கள வாசகரின் நினைவுக்கு வருவது காதல்தான். 1952 இல் கொழும்பிலிருந்து மலையடிவாரத்துக்கு வந்த பேராதனைப் பல்கலைக்கழகமும், 1969 இல் வெளிவந்த ‘ஹந்தானே கதாவ’ திரைப்படமும் அந்த நினைவை ஊன்றிவிட்டன. மலையும் பனியும் பெண்ணும் ஒன்றுக்கொன்று உவமையாயின.

1989 இல் அந்த உவமை உடைந்தது. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி நசுக்கப்பட்ட நாட்களில், பல்கலைக்கழக வளவிலுள்ள குளமொன்றைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட தலைகள் வைக்கப்பட்டன. மைக்கல் ஒண்டாச்சியின் ‘அனில்ஸ் கோஸ்ட்’ (2000) நாவலில் சிறிஸா என்னும் பெண் வேலைக்குச் செல்லும் வழியில் கம்பங்களில் செருகிய தலைகளைக் காண்கிறாள். பேராதனையை நினையாமல் அப்பக்கங்களை என்னால் கடக்க இயலவில்லை. அந்நாவலில் எலும்புக்கூட்டில் ஒட்டிய மண்ணும் மகரந்தமும் கொலைக்குத் தடயங்களாகின்றன. நிலம் அங்கே தாயல்ல, சாட்சி.

கண்டியில் 1931 இல் பிறந்து 2019 இல் மறைந்த ஜீன் அரசநாயகம் எமக்கு இன்னும் நெருக்கமானவர். பறங்கியர் குடும்பத்தவர், தமிழரை மணந்தவர், 1983 ஜூலையில் அகதி முகாமில் தஞ்சம் புகுந்தவர். ‘ஆல் இஸ் பேர்னிங்’ (1995) தொகுதியின் தலைப்புக் கதையில் கிராமத்துத் தாயொருத்தி கொல்லப்பட்ட ஆண்களின் உடல்களுக்கிடையே தேடி நடக்கிறாள். மண்ணைப் பெண்ணென்றும் பெண்ணை மண்ணென்றும் பாடிப் பழகிய நம்மவர்கள் (இயக்கக் கவிஞர்கள் உட்பட) இக்கதையை வாசிக்க வேண்டும். அவள் எதற்கும் குறியீடல்லள். பிணத்தை அடையாளம் காண வந்தவள், அவ்வளவே.

ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. ஹந்தானையின் பசுமையை இயற்கை என்பதே பாதிப் பொய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டி மலைகளில் காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில், பெரும்பாலும் பெண்களின் விரல்களில் விளைந்த பசுமை அது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1977 வன்செயல்களின்பின் பல தோட்டக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறின. பாதுகாப்புத் தேடிச் சென்ற இடத்திலேயே யுத்தம் அவர்களைப் பிடித்தது. 2009 வரை விடவில்லை.

என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ போன்ற கதைகள் தோட்டத்துப் பெண்ணை மனுஷியாக நிறுத்தின. நான் வாசித்த ஆங்கில யுத்த நாவல்களிலோ அவள் பெரும்பாலும் ரயில் ஜன்னலுக்கு வெளியே, மலைச்சரிவில், கூடையோடு தெரியும் வெறும் காட்சி. அந்தச் சரிவிலிருந்து வன்னிக்குப் போனவளை அவற்றில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.