சிப்பந்தி திரும்பி வந்த வரலாறு

வேலையை விட்டுப் போன தொழிலாளியை மீண்டும் வேலைக்கு இழுத்து வர இந்நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆனால், வேலையிலிருந்து விலக்கப்பட்ட தொழிலாளியை மீண்டும் வேலையில் வைத்துக்கொள்ளும்படி முதலாளிக்குச் சொல்லும் சட்டம் நெடுங்காலம் இருக்கவில்லை. 1859-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைக் கைவிட்ட தொழிலாளியை மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலையைச் செய்து முடி என்று அவர் உத்தரவிடலாம். உத்தரவை மீறியவனை மூன்று மாதம்வரை சிறையிலும் அடைக்கலாம். முதலாளி காரணமின்றி ஒருவனை நீக்கிவிட்டாலோ, அவனுக்கு உரியது அறிவிப்புக் காலச் சம்பளமும், மிஞ்சினால் சிறிது நஷ்டஈடும்தான். ஆளுக்கு ஆள் செய்யும் சேவையைப் பற்றிய ஒப்பந்தத்தை நியாயஸ்தலம் பலாத்காரமாக நிறைவேற்றி வைக்காது என்ற ஆங்கில நாட்டுக் கோட்பாட்டை 1877-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருந்தது. திரும்பி வரவேண்டிய கடமை ஒரு தரப்புக்கும், திரும்ப ஏற்றுக்கொள்ளாதிருக்கும் சுதந்திரம் மறுதரப்புக்குமாக நீதி இப்படிப் பங்கிடப்பட்டிருந்தது.

இந்தப் பங்கீடு மாறியது 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் அமலுக்கு வந்த பிறகே. தொழில் நீதிமன்றம் சாதாரண சிவில் நீதிமன்றத்தைப்போல் ஒப்பந்தத்தின் வாசகத்தோடு நின்றுவிடுவதில்லை. தொழில் அமைதிக்கு உகந்ததென்று தோன்றினால் புதிய உரிமைகளையும் கடமைகளையும் அது சிருஷ்டிக்கலாம். ஆயினும், நீக்கப்பட்டவரை மீண்டும் அமர்த்தும்படி கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டா என்பது உடனே ஐயத்துக்கு உள்ளாயிற்று. பம்பாயில் மோட்டார் வாகனச் சங்கமொன்றுக்கும் அதன் சிப்பந்திகளுக்கும் இடையே எழுந்த வழக்கில், விரும்பாத வேலையாளை முதலாளியின்மீது திணிக்க எந்த மன்றத்தாலும் இயலாது என்று நிர்வாகத்தின் தரப்பில் வாதிக்கப்பட்டது. 1949-இல் பெடரல் நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. பணியில் மீண்டும் அமர்த்துவதும் தொழில் தகராற்றின் எல்லைக்குள் அடங்கியதே என்று அது முடிவு செய்தபோது, திரும்பி வருவதற்கான வாசல் முதன்முதலாகத் திறந்தது.

அந்த வாசலின் வழியே நுழைந்த வழக்குகளில் தமிழ் வாசகர்கள் சிறப்பாக நினைவில் வைக்கத்தக்கது சுதேசமித்திரன் வழக்கு. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கி, 1899-இல் தினசரியாக்கி, 1904-இல் பாரதியாரை உதவி ஆசிரியராக அமர்த்திக்கொண்ட அந்தப் பத்திரிகை, தமிழில் அரசியல் எழுதும் கலைக்கே பாடசாலையாக விளங்கியது. ஊராரின் உரிமைகளுக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் தலையங்கம் எழுதிய அதே ஸ்தாபனம், 1950-களின் தொடக்கத்தில் தன் தொழிலாளர்களில் 39 பேரை ஆட்குறைப்புச் செய்து, அதன் விளைவாகத் தானே ஒரு கட்சிக்காரனாகத் தொழில் மன்றத்தின் முன் நிற்க நேர்ந்தது. மேல்முறையீட்டு மன்றம் அவர்களுள் 15 பேரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

வழக்கின் மையத்தில் இருந்தது, கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும் என்ற தொழிலுலகச் சம்பிரதாயம். அது மீறக்கூடாத விதி அன்று. திறமையும் ஒழுங்கும் உடைய இளையவரை வைத்துக்கொண்டு மூத்தவரை அனுப்ப நிர்வாகத்துக்கு நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை எதைக்கொண்டு நிரூபிப்பது? கையால் எழுத்துக் கோத்த காலத்து அச்சகம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இக்கேள்வியின் கனம் விளங்கும். தமிழுக்கு உயிர்மெய்யும் கூட்டெழுத்துமாக நூற்றுக்கணக்கான ஈய அச்சுகள் வேண்டும். அவை கிடக்கும் கேஸ் என்னும் பெட்டிகளின் முன் நாள் முழுவதும் நின்று, இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, எழுத்தின் கண்ணாடிப் பிம்பத்தைப் படித்தபடியே வரி வரியாகக் கோக்கும் கம்பாசிட்டரின் விரல்களுக்கு, எந்த அறையில் எந்த எழுத்து என்பது பார்வையின் உதவியின்றியே தெரிந்திருக்கும். அந்தத் தேர்ச்சி வருஷக்கணக்கில் படிவது. வருஷங்கள் கூடும்போதே கண் மங்குவதும் கால் தளர்வதும் உண்டு. இத்தகைய தொழிலில் மூத்தவன் மந்தமானவன் என்று மேற்பார்வையாளர் ஒருவர் வாயால் சொல்லிவிடுவது எளிது, மறுப்பது அரிது. ஆகவேதான், திறமைக்குறைவும் நம்பத்தகாமையும் ஒழுங்கீனமும் காரணமென்றால், அவை நம்பத்தகுந்த சாட்சியத்தால், இயன்றவரை அந்தத் தொழிலாளரின் பணிக்குறிப்புகளில் முன்னரே பதிவான வரலாற்றால், மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் வகுத்தது.

அத்துடன் நில்லாமல், முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு சமாதானங்களையும் அத்தீர்ப்பு எடைபோட்டது. அந்த இடங்களில் வேறு ஆட்களை அமர்த்தியாயிற்று என்பது ஒன்று. வழக்கு நடந்து முடிவதற்குள் ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்பது மற்றொன்று. முறைகேடாக அனுப்பப்பட்டவன் திரும்பி வருவதற்கு இவை இரண்டுமே தடையாகா என்பது நீதிமன்றத்தின் முடிவு. காலதாமதம் தொழிலாளியின் குற்றமன்று. அதன் பலனை நிர்வாகம் அனுபவிக்கக்கூடாது என்ற எளிய நியாயமே இதன் அடியில் இருந்தது.

இதற்கிடையில், ஜவுளி ஆலைகளில் சரக்குத் தேங்கி வேலைநிறுத்தி வைக்கும் அச்சம் பரவியதை முன்னிட்டு, 1953-இல் தொழில் தகராறுகள் சட்டத்தோடு புதிய அத்தியாயம் ஒன்று சேர்க்கப்பட்டது. ஓராண்டு தொடர்ந்து பணிசெய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தராமல் ஆட்குறைப்புச் செய்யலாகாது. சாதாரணமாகக் கடைசியில் வந்தவரே முதலில் போகவேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவருக்கே முதலிடம். 1957-இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், பணிமூப்புப் பட்டியலை ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்னதாகவே ஸ்தாபனத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் பணித்தன. முதலாளியின் மேஜைக்குள் இருந்த ரகசியம், கூடத்துச் சுவரில் எல்லோரும் விரல் வைத்துப் படிக்கும் காகிதமாயிற்று. பின்னாளில் வெற்றி பெற்ற வழக்குகளில் பல, இத்தகைய காகிதம் ஒட்டப்படாததையோ, கணக்கிட்ட பணம் உரிய நாளில் கொடுக்கப்படாததையோ ஆதாரமாகக் கொண்டவையே.

ஆயினும் திரும்பி வருவது வேறு. போன இடத்திலேயே வந்து நிற்பது வேறு. பாரத ஸ்டேட் வங்கியில் விட்டு விட்டுத் தற்காலிகமாக வேலை பார்த்து, ஒன்பது நாள் நியமனம் ஒன்றோடு அனுப்பப்பட்ட சிப்பந்தி ஒருவரின் வழக்கில், நியமனக் காலம் தானாக முடிவதும் ஆட்குறைப்பே என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து அவரை மீண்டும் அமர்த்தியது. ஆனால் நிரந்தரச் சிப்பந்திகள் அனைவருக்கும் கீழேதான் அவர் நிற்கவேண்டும் என்றும், சம்பளம் அன்று புதிதாகச் சேர்ந்தவருடையதாக இருக்குமென்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. மூலப்பொருள் கிடைக்கவில்லையென்று 56 பேரை அனுப்பிய தகர உற்பத்திக் கம்பெனி ஒன்றின் வழக்கில், 1978-இல், இடைக்காலச் சம்பளம் முழுவதையும் தருவதே பொதுவிதி என்று வகுத்த அந்நீதிமன்றமே, கம்பெனியின் நிலையைக் கருதி அதில் 75 சதவீதத்தை மட்டும் வழங்கிற்று. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை தொழிலாளி கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துவரவேண்டும் என்ற பிரிவு 1984-இல்தான் அமலுக்கு வந்தது. அதுவரை, கீழ்மன்றத்தில் வென்றவர் மேல்மன்றத்தின் தீர்ப்புக்காகக் கடன் வாங்கிச் சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டியதே விதி.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், நீதிமன்றங்கள் உத்தியோகத்தை முழுதாகத் திருப்பித் தந்திருக்கின்றன. இழந்த ஆண்டுகளைப் பின்னங்களாகவே திருப்பித் தந்திருக்கின்றன. மூத்தவர் யார், இளையவர் யார் என்று சுவரில் ஒட்டிய பட்டியலாலும், உரிய காலத்தில் எழுதிவைத்த பணிக்குறிப்பாலும் தடுக்கப்படும் அநீதிக்கு, பத்தாண்டு கழித்து வரும் மகத்தான தீர்ப்பு ஈடாவதில்லை. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு, அனுப்பப்பட்டவரை முதலில் அழைக்கும் கடமையை ஆட்குறைப்பு நிகழ்ந்த ஓராண்டுக்குள் நடக்கும் நியமனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கியிருக்கிறது. பழைய சட்டத்தில் அத்தகைய எல்லை இருக்கவில்லை. வழக்குகள் எத்தனை ஆண்டு நீளும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ஓராண்டு யாருடைய கடிகாரத்தில் எண்ணப்படுகிறது என்பது விளங்காமற்போகாது.