தோட்ட வீட்டுக் கணனிக்குப் புத்துயிர்: குறைந்த செலவில் எதை மாற்றுவது, எதை விடுவது?

கொழும்பில் தொழில் புரியும் மலையக இளைஞர்கள் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பொருட்களில் பாவித்த கணனியும் ஒன்றாகிவிட்டது. நிறுவனங்கள் கழித்துவிட்ட டெல், எச்.பி. அலுவலகக் கணனிகளே இவற்றில் அதிகம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என எங்கு பார்த்தாலும் இதே கதைதான். அதற்கொரு கிராபிக்ஸ் அட்டையைப் பூட்டிவிட்டால் அது "விளையாட்டுக் கணனி" என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. அண்ணன் அதில் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுவான். அவன் எழுந்த பின் தங்கை உயர்தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களை அதே திரையில் பார்ப்பாள். 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்திற்கு மாறிய பின்னர், இத்தகைய ஒரு கணனி வீட்டில் இருப்பதும் இல்லாதிருப்பதும் பிள்ளைகளின் கல்வியோடு தொடர்புடைய விடயமாயிற்று. ஆகவே அது பழுதடைந்து மந்தமாகும்போது எழும் கேள்வி விளையாட்டு சார்ந்தது மட்டுமன்று.

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் தேவை. மலையகத்தில் புழங்கும் கணனிகளில் இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை கணிசமானவை. "இனி இதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்" என்று கடைக்காரர் சொல்வதற்கு இது நல்ல காரணமாக அமைந்துவிட்டது. அவ்வளவு அவசரம் தேவையில்லை.

செலவை முதலில் நிதானிப்போம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபாவாக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 25,000 ரூபா என்பது ஒருவரின் பதினான்கு, பதினைந்து நாள் உழைப்பு. சீட்டுப் பிடித்தோ தீபாவளி முற்பணத்திலிருந்தோ எடுக்கப்படும் அப்பணம் பிழையான பாகத்தில் முடங்கினால், அடுத்த சீட்டு வரும் வரை திருத்த வழியில்லை.

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்ய வேண்டும். லயன் அறைகளில் விறகடுப்புப் புகை இன்னும் உண்டு. அக்கரி தூசியோடு கலந்து குளிர்விக்கும் விசிறியின் தகடுகளில் பிசின்போலப் படியும். நுவரெலியாவின் குளிரில் கணனி சூடேறாது என்று எண்ணுவது தவறு. காற்று உட்செல்லாத பெட்டிக்குள் எந்த ஊரிலும் புரொசசர் கொதித்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மென்தூரிகையால் துடைத்து, காய்ந்துபோன வெப்பக்களிம்பை அகற்றிப் புதிதாக இட்டாலே பல கணனிகள் தேறிவிடும். பெட்டியைச் சமையலறைச் சுவரோடு வைக்கக் கூடாது. இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த உலோகத்தின் மீது காலையில் அடுப்படியின் ஈரமான வெம்மை பட்டால் நீர்த்துளி படியும். கணனி காட்டும் திகதியும் நேரமும் அடிக்கடி பிழைத்தால், தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர்.2032 என்னும் காசு வடிவ மின்கலத்தை மாற்றினால் போதும்.

அடுத்து, எது தடை என்பதை அறிய வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்து வழக்கமான வேலையைச் செய்து பார்த்தால் வன்தட்டா, ரேமா, புரொசசரா நூறு வீதத்தில் திணறுகிறது என்பது தெரியும். பழைய கணனிகளில் பெரும்பாலும் வன்தட்டே குற்றவாளி. சுழலும் தட்டில் ஒரு தகவலைத் தேடி ஊசி நகர்வதற்கு ஏறக்குறைய பத்து மில்லி செக்கன்கள் செல்லும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லாததால் அத்தாமதம் இல்லை. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. செக்கனுக்குச் சுமார் 500 மெகாபைட் வரை வாசிக்கும். பழைய தாய்ப்பலகையில் இவ்வேகம் பாதியாகக் குறைந்தாலும் வேறுபாட்டை முதல் நாளே உணரலாம். 240 அல்லது 256 ஜிகாபைட் அளவில் ஒன்றை வாங்கி விண்டோஸையும் அன்றாடம் விளையாடும் ஓரிரு விளையாட்டுகளையும் அதில் வைத்து, பழைய வன்தட்டைப் படங்களுக்கும் பாடக் குறிப்புகளுக்கும் விட்டுவிடலாம். ஒரேயொரு பாகத்துக்கு மட்டுமே பணமுண்டு என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.டி. விளையாட்டைத் திறக்கும் நேரத்தைக் குறைக்குமே தவிர, ஓடும் காட்சியின் வேகத்தைக் கூட்டாது.

ரேம் 4 ஜிகாபைட் மட்டுமே இருந்தால் 8க்கு உயர்த்துவது அவசியம். 16 இருந்தால் நல்லது. ஒரே அளவிலான இரண்டு அட்டைகளாகப் பூட்டினால் இரட்டைப் பாதையில் இயங்கும். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணனிக்கு இது பெரும் உதவி. டி.டி.ஆர்3 பலகையில் டி.டி.ஆர்4 பொருந்தாது, வெட்டுவாய் வேறிடத்தில் இருக்கும். செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் 2025இன் இறுதியில் நினைவக விலைகள் உலகெங்கும் கடுமையாக ஏறின. ஆகையால் பாவித்த டி.டி.ஆர்3 அட்டையைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிக் கிராபிக்ஸ் அட்டை. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அலுவலகக் கணனியின் மின்வழங்கி 240 வாட் அளவிலேயே இருக்கும். அட்டைக்கான தனி மின்கம்பியும் இராது. டெல்லின் சில மாதிரிகளில் இணைப்பியே வேறு வடிவம் என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண மின்வழங்கியைப் பூட்டவும் முடியாது. தாய்ப்பலகையின் செருகி 75 வாட் வரை தரும். ஆகவே அவ்வெல்லைக்குள் இயங்கும் ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ, ஜி.டி.எக்ஸ் 1650 போன்றவையே பொருத்தமானவை. அவற்றிலும் தனி மின்கம்பி கேட்கும் வகைகள் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். பெட்டி ஒடுங்கியதாயின் உயரம் குறைந்த அட்டைதான் நுழையும். 1050 டி.ஐ. அடங்கிய தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 ஒக்டோபர் வரை தருவதாக அறிவித்தது. விலை அதிகம் வேறுபடாவிடில் 1650ஐத் தெரிவு செய்வதே அறிவுடைமை. 1366க்கு 768 அளவிலான பழைய திரையை மாற்றாமல் விட்டால் அட்டைக்குச் சுமையும் குறைவு, பணமும் மிச்சம்.

பாவித்த அட்டையைப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் இணைய விளம்பரம் பார்த்து வாங்கினாலும், கணனியில் பூட்டி அரைமணி நேரம் விளையாட்டொன்றை ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணய அகழ்வு முடிவுக்கு வந்தபின், மாதக்கணக்கில் ஓய்வின்றி உழைத்த அட்டைகள் சந்தைக்கு வந்தன. பழைய அட்டைக்குப் புதிய பெயரைப் பதித்து விற்பவர்களும் உளர். ஜி.பி.யூ-இசட் என்னும் இலவச மென்பொருள் இந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும். ஹட்டனிலிருந்து திரும்பவும் கொழும்புக்குப் பஸ் ஏறி மாற்றி வருவதற்கான நாட்கூலி இழப்பையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

புரொசசரைப் பொறுத்தவரை, கோர் ஐ5 இருந்த அதே செருகியில் அதே தலைமுறை ஐ7 ஒன்றைப் பூட்டலாம். ஆயினும் மூன்றாம் தலைமுறை வரையிலான இன்டெல் புரொசசர்களில் ஏ.வி.எக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுதி இல்லை. அண்மைக்கால விளையாட்டுகள் பல அதைக் கேட்கின்றன. அத்தகைய கணனியில் புரொசசருக்குச் செலவிடுவதைத் தவிர்த்து, பின்னொரு நாள் பலகையோடு மாற்றுவதே மேல். ஏ.எம்.டி.யின் ஏ.எம்4 பலகை வைத்திருப்போர் அதிர்ஷ்டசாலிகள். 2017இல் வந்த பலகைகள் பலவற்றில் பயோஸை மேம்படுத்தி ரைசன் 5000 வரிசையைப் பொருத்தலாம். பயோஸ் மேம்பாட்டின் நடுவே மின்சாரம் போனால் பலகை உயிரிழக்கக்கூடும். மழை மூட்டமான மாலையில் இவ்வேலையைத் தொடவே கூடாது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேற்சொன்னதெல்லாம் வீண். ஏப்ரலிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் மலைநாட்டில் வழக்கமானது. அப்போது ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, செருகியைக் கழற்ற வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பெறுவோர் அக்கம்பியையும் கழற்ற வேண்டும். அயல் அறையிலிருந்து இரண்டு கம்பிகளால் மட்டும் மின்னிணைப்பு எடுத்த இடங்களில் புவிக்கம்பி இராது. கணனிப் பெட்டியைத் தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிவது அதனாலேயே. அவ்வீட்டில் கிராபிக்ஸ் அட்டைக்கு முன் தகுதிபெற்ற மின்னியலாளர் ஒருவருக்குப் பணம் கொடுப்பதுதான் முறை. அழுத்தம் ஏறியிறங்கும் இடங்களில் சிறிய யூ.பி.எஸ். ஒன்று கோப்புகளைச் சேமித்து முறையாக அணைக்கச் சில நிமிடங்களைத் தரும்.

இறுதியாக மென்பொருள். விண்டோஸ் 10 பாவனையாளர்களுக்கு மேலதிக பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கும் ஏற்பாடொன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினால் பழைய கணனி இலகுவாக ஓடும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். ஸ்டீம் தளத்தின் விளையாட்டுகளில் பெரும்பகுதி புரோட்டன் உதவியுடன் அதில் இயங்கும். ஆனால் வெலோரன்ட், போர்ட்நைட் ஆகியன லினக்ஸில் இயங்கமாட்டா. அண்ணனும் தங்கையும் ஒரே கணனியைப் பகிரும் வீட்டில், பழைய வன்தட்டில் விளையாட்டுக்கு விண்டோஸையும் புதிய எஸ்.எஸ்.டி.யில் படிப்புக்கு லினக்ஸையும் நிறுவிக்கொள்ளலாம். அண்ணன் சம்மதித்தால்.