திருடனைப் பிடிக்கத் திருடன்: யார் இந்த விடோக்?

டெங்கில் பக்கம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மதுரை வீரன் கதை தெரிந்திருக்கும். கொள்ளையரை அடக்கியவனையே குற்றவாளி என்று மாறுகால் மாறுகை வாங்கினார்கள். பிறகு அவனே காவல் தெய்வம்.

பிரான்ஸின் யூஜின் விடோக் (1775–1857) நேர் எதிர். இவர் முதலில் குற்றவாளி; சிறையிலிருந்து பலமுறை தப்பியவர். உள்ளே இருந்தபடியே போலீசுக்குத் துப்பு கொடுத்து, கடைசியில் பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கே முதல் தலைவரானார். பழைய கைதிகளையே வேலைக்கு எடுத்தார். திருட்டு நெளிவுசுளிவு தெரிந்தவர்கள், சரி, ஆனா நம்பலாமா? அந்தச் சந்தேகம் அவரை விடவே இல்லை. 1833-ல் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார்.

பால்சாக் நாவல்களில் வரும் வோத்ரான் இவரைப் பார்த்து உருவான பாத்திரம்தான். அமானுஷ்யக் கதை பிடிக்குமா? 2001-ல் வந்த 'விடோக்' படத்தில், கண்ணாடி முகமூடி போட்டு ஆன்மாவைப் பறிக்கும் கொலையாளியை இவர்தான் துரத்துகிறார்.